முன்வழியா மேல்வழியா

“மேல் பாதி யாருக்கு டீச்சர்?”

கேட்டது முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி. கணக்கு டீச்சருக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தார். கீழ்ப்பாதியில் எண்கள் திருவிழாக் கூட்டம் போல நெருக்கியடித்து நின்றன. மேல்பாதி யாரோ துடைத்து வைத்தது போலக் காலியாக இருந்தது.

“எப்பவும் கீழேயே எழுதுறீங்களே, மேல வேற யாராவது வந்து எழுதுவாங்களா?”

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. வலது தோள் எலும்பு தேய்ந்து கை இறங்க இறங்க, தன் எழுத்தும் கூடவே இறங்கி வந்திருப்பதை அவர் அதுவரை கவனித்திருக்கவில்லை. இப்படியே போனால் அடுத்த வருஷம் தரையில்தான் எழுத வேண்டும்.

தலைமையாசிரியை கவனித்திருந்தார். “முடியலன்னா எதுக்கு டீச்சர் கஷ்டப்படுறீங்க? ஸ்டோர் ரூம் பொறுப்பு காலியாத்தான் இருக்கு. லீவு எடுத்துக் கையைக் காட்டிட்டு வாங்க. தூக்க முடிஞ்சா கிளாஸ், இல்லன்னா ஸ்டோர்” என்றார். ஸ்டோர் ரூம் என்பது கால் உடைந்த நாற்காலிகளும் சுண்ணாம்புக்கட்டிப் பெட்டிகளும் இருக்கும் ஜன்னலில்லாத அறை. உயிரோடு ஒருவரை அங்கே வைத்துப் பூட்டுவதற்குப் பொறுப்பு என்று பெயர்.

டீச்சர் இயல்பிலேயே சந்தேகப் பிராணி. இரண்டு பிள்ளைகள் ஒரே விடையை எழுதினால் சந்தோஷப்பட மாட்டார். அவர்கள் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்ப்பார். கடவுள் ஒருவரிடம்தான் வழிமுறை கேட்காமல் விடையை ஏற்றுக்கொள்வார். அப்படிப்பட்டவர் போய்ச் சேர்ந்த இடம், தோள்மூட்டு மாற்று அறுவைக்கென்றே பெயர்பெற்ற ஒரு பெரிய மருத்துவமனை.

அங்கே இரண்டு டாக்டர்கள். ஒருவர் தோளை முன்பக்கமாகத் திறப்பவர். மற்றவர் மேல்பக்கமாகத் திறப்பவர். முன்வழி டாக்டர் பிரதான வாசல் வழியாகத்தான் மருத்துவமனைக்குள் வருவார். மேல்வழி டாக்டர் வெளிப்படிக்கட்டு வழியாக மொட்டைமாடிக்கு ஏறி, அங்கிருந்து உள்ளே இறங்கி வருவார். இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால் அன்று அறுவை அரங்கு சுத்தமாக இல்லை என்று இரண்டு புகார்கள் போகும்.

முன்வழி டாக்டர் டீச்சரின் தோளில் பேனாவால் ஒரு கோடு போட்டார்.

“தோள்ங்கிறது ஒரு வீடும்மா. வீட்டுக்குள்ள முன்வாசல் வழியாத்தான் போகணும். அதுதான் மரியாதை. என்ன, வாசல்ல ஒரு தசை குறுக்க நிக்கும். அதை அறுத்துட்டு உள்ள போவோம். திரும்பி வர்றப்போ தெச்சுடுவோம்.”

“அந்தத் தசைக்கு அங்க என்ன வேலை டாக்டர்?”

“காவல்காரன் மாதிரி. மூட்டு நழுவிடாமப் பார்த்துக்கும்.”

“காவல்காரனை வெட்டிட்டு உள்ள போறவங்களுக்கு என்ன பேரு டாக்டர்?”

முன்வழி டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். “நீங்க ரொம்பப் படிச்சிருக்கீங்க போல” என்றார், ஒரு நோயைக் கண்டுபிடித்த குரலில்.

மேல்வழி டாக்டர் வந்து அதே தோளில் வேறொரு கோடு போட்டார். “மேல இருந்து இறங்கினா அந்தத் தசையைத் தொடவே வேண்டாம். தோள் மேல இருக்கிற தசையை லேசா விலக்கினாப் போதும். எல்லாம் பளிச்சுன்னு தெரியும். அடிப்பக்கம் மட்டும் கொஞ்சம் தெரியாது.”

“தெரியாத இடத்துல என்ன பண்ணுவீங்க?”

“அனுபவம்” என்றார் மேல்வழி டாக்டர், கண்ணை மூடிக்கொண்டு.

டீச்சர் வெளியே வந்து கணவரிடம் சொன்னார்: “ஒருத்தர் காவல்காரனை வெட்டுறாராம். இன்னொருத்தர் ஓட்டைப் பிரிச்சு இறங்குறாராம். எனக்கென்னமோ ரெண்டு பேர் மேலயும் நம்பிக்கை இல்லைங்க.”

“உன்னோட தேர்வு இல்லையாம்மா இது. சீட்டு எடுப்பாங்களாம்” என்றார் கணவர். அவர் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். எதையும் கழற்றிப் பார்க்காமல் கருத்துச் சொல்ல மாட்டார்.

அவர் சொன்னது உண்மைதான். எந்த வழி சிறந்தது என்று கண்டறிய அந்த மருத்துவமனையில் ஒப்பீட்டுத் துறை என்று ஒன்று இருந்தது. அதன் இயக்குநர் நடுநிலைக்குப் பேர்போனவர். இடமோ வலமோ சாயாமல் இருக்கச் சுழல் நாற்காலியைக்கூடத் திருகாணி போட்டு இறுக்கி வைத்திருந்தார். அறுவைக்கு முந்தைய மாலை மாநாட்டுக் கூடத்தில் உறை எடுக்கும் சடங்கு நடந்தது. ஒட்டிய உறைகள் ஒரு கண்ணாடிக் குடுவையில் இருந்தன. டீச்சரையே ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். எடுத்ததும் கைதட்டினார்கள்.

“இதுல எது இருக்குன்னு பார்க்கலாங்களா?” என்று டீச்சர் கேட்டார்.

“கூடாது. உங்களுக்கு மயக்க மருந்து கொடுத்த பிறகுதான் திறப்போம். டாக்டர் பார்த்ததும் மறுபடி ஒட்டிப் பூட்டி வைத்துவிடுவோம்.”

“மயக்கம் தெளிஞ்சதும் கேட்கலாமா?”

“தாராளமாகக் கேட்கலாம். சொல்ல மாட்டோம். தெரிந்தால் உங்கள் தோள் பாரபட்சமாக நடந்துகொள்ளும்” என்றார் இயக்குநர்.

டீச்சர் அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் வேண்டிக்கொண்டார். ‘வழி எதுவாக இருந்தாலும் சரி. போகிறவர்கள் கூடவே நீயும் உள்ளே போ’ என்பதுதான் வேண்டுதல்.

கண் விழித்தபோது கழுத்திலிருந்து முழங்கை வரை வெள்ளைக் கட்டு. முன்வழியானாலும் மேல்வழியானாலும் எல்லோருக்கும் அதே அளவு கட்டுதான். வார்டில் கண்ணாடிகளுக்குத் துணி போர்த்தியிருந்தார்கள். தழும்பு தெரிந்துவிடக் கூடாதாம். ஜன்னல் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. எவர்சில்வர் டம்ளரில் பிம்பம் தெரியும் என்று பிளாஸ்டிக் டம்ளர் கொடுத்தார்கள். கரண்டிகளை மட்டும் எப்படியோ மறந்துவிட்டிருந்தார்கள். ஒருநாள் ஒரு நோயாளி கரண்டியைத் தோளுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு அவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். இதற்கெல்லாம் ஓர் அதிகாரி இருந்தார். எந்நேரமும் கையில் ஒரு துணியோடு திரிந்ததால் நோயாளிகள் அவருக்குப் ‘போர்வை’ என்று பேர் வைத்திருந்தார்கள்.

கட்டு மாற்றும்போது போர்வை வந்து நிற்பார். நர்ஸ் கட்டைப் பிரிப்பார். டீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். கணவர் வெளியே போய்விட வேண்டும்.

“என் பொண்டாட்டி தோளை நான் பார்க்கக் கூடாதா சார்?”

“சிகிச்சை முடியுற வரைக்கும் அது உங்க மனைவியோட தோள் இல்லீங்க. துறையோட தோள்.”

டீச்சருக்குச் சந்தேகம் புற்று மாதிரி வளர்ந்தது. ‘ஒருவேளை ஆபரேஷனே பண்ணலையோ? இல்லை, முன்னாலயும் மேலயும் ரெண்டு பக்கமும் திறந்து பார்த்துட்டாங்களோ? சரியா செஞ்ச வேலையை எந்தப் பிள்ளையும் கையால மறைச்சுக்காதே!’

அடுத்த கட்டிலில் ஒரு பேக்கரிக்கார அம்மா இருந்தார். டீச்சரைவிட மூத்தவர், நல்ல பருமன். அவருக்கு இடது தோள். அடுப்பின் மேல்தட்டில் தட்டுகளை ஏற்றி இறக்கியே தேய்ந்துபோன தோள் அது. ஓயாமல் பேசுவார். வந்த அன்றே, “உங்களுக்கு இடது கை இருக்கு, எனக்கு வலது கை இருக்கு. சேர்த்தா ஒரு முழு ஆளு. வாங்க டீச்சரம்மா, தலையை வாரிக்குவோம்” என்றார். இருவரும் ஒருவர் பின்னால் ஒருவராக உட்கார்ந்து, ஆளுக்கொரு கையாகச் சேர்ந்து பின்னினார்கள். பின்னல் கோணலாக வந்தது. ஆனால் அவிழவில்லை.

டீச்சருக்கு அதிலும் சந்தேகம். இவ்வளவு தேனாகப் பேசுகிறவர் யாருடைய ஆள்? நோயாளிகள் ரகசியமாகத் தழும்பைப் பார்க்கிறார்களா என்று வேவு பார்க்கத் துறை உட்கார வைத்த ஆளாக இருக்குமோ? அன்றிலிருந்து பின்னல் போடும்போது கூந்தலைத் தவிர வேறெதையும் அந்த அம்மாவிடம் கொடுக்கவில்லை, ஒரு வார்த்தைகூட.

பிறகு பயிற்சி தொடங்கியது. அங்கேதான் துறையின் மேதைமை முழுதாக வெளிப்பட்டது.

அறுவை முடிந்த தோளைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பழக்க வேண்டும். பழக்காவிட்டால் இறுகிவிடும். ஆனால் முன்வழிக்காரர் ஒருவருக்குக் கூடுதலாகப் பயிற்சி கிடைத்து, மேல்வழிக்காரர் ஒருவருக்குக் குறைந்துவிட்டால் ஒப்பீடு என்ன ஆவது? ஆகவே இயக்குநர் ஜோடி முறையைக் கண்டுபிடித்தார். இந்த வழியில் ஒருவர், அந்த வழியில் ஒருவர். யார் எது என்று ஜோடிக்கே தெரியாது. பயிற்சிக்கூடத்தின் உத்தரத்தில் ஒரு கப்பி. அதில் ஒரே கயிறு. இந்த முனையை ஒருவர் பிடிக்க வேண்டும், அந்த முனையை மற்றவர். ஒருவர் கை தாழ்ந்தால் இன்னொருவர் கை உயரும். ஒருவர் வராவிட்டால் மற்றவருக்கும் அன்று பயிற்சி கிடையாது. ஒருவர் கை காதுக்கு மேல் போய்விட்டால் அவர் கணக்கு முடிந்தது, ஜோடி கலைக்கப்படும். மற்றவர் புது ஜோடி அமையும்வரை காத்திருக்க வேண்டும்.

“புது ஜோடி எப்ப அமையும்?” என்று டீச்சர் கேட்டார்.

பயிற்சி கொடுக்கும் பெண் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள். “அமைஞ்சு நான் பார்த்ததில்ல டீச்சர். எனக்குச் சொல்லியிருக்கிறது கயிறைப் பார்த்துக்கோன்னு மட்டும்தான்.”

டீச்சரின் ஜோடி பேக்கரிக்கார அம்மா. ‘நினைச்சேன்’ என்று டீச்சர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. கண் சிவந்து, உதடு வெடித்து, கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். அவர் மகள் வெளியூரிலிருந்து வந்து, “எங்க வீட்டுக்கு வந்துடும்மா. பக்கத்துலயே பயிற்சி குடுக்கிறவங்க இருக்காங்க. கயிறும் வேணாம், ஜோடியும் வேணாம்” என்று கெஞ்சினாள். அம்மா மாட்டேன் என்றுவிட்டார். மகள் இரண்டு நாள் இருந்து பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். பயிற்சி நேரமானதும் அம்மா சக்கர நாற்காலியில் வந்து கயிற்றைப் பிடித்தார். அவர் முனை தாழ்ந்தது. டீச்சரின் கை மெல்ல மேலே எழுந்தது.

இவ்வளவு காய்ச்சலில் எதற்காக வருகிறார்? இதில் இவருக்கு என்ன ஆதாயம்? டீச்சருக்குப் பொறுக்கவில்லை. பயிற்சிப் பெண்ணைத் தனியே பிடித்துக் கேட்டேவிட்டார்.

“அது தெரியாதா உங்களுக்கு? அவங்க வரலன்னா உங்களுக்கும் பயிற்சி கிடையாதே. ‘அந்த டீச்சரம்மா கை இறுகிப்போனா இருட்டு ரூம்ல தள்ளிடுவாங்களாம். என்னை எப்படியாவது கொண்டுபோய் விடு’ன்னு தினம் என் கையைப் பிடிச்சுக்கிறாங்க. உங்க வீட்டுக்காரர் சொல்லித்தான் விஷயம் தெரியுமாம்.”

டீச்சர் கட்டிலுக்குத் திரும்பி வந்து, தூங்கிக்கொண்டிருந்த அந்த முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் எத்தனையோ விடைகளைத் தவறு என்று சுழித்திருக்கிறார். தன் விடையே இவ்வளவு தவறாக இருந்ததில்லை.

“அக்கா” என்றார் மெதுவாக. அதுவரை அவர் அந்த அம்மாவை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை.

“என்ன டீச்சரம்மா, தலை வாரணுமா?” என்றார் அந்த அம்மா, கண்ணைத் திறக்காமலே.

மாதங்கள் போயின. இருவரும் வீட்டிலிருந்தே பயிற்சிக்கு வந்து போனார்கள். கட்டு போய்விட்டது. ஆனாலும் தழும்பை மறைக்கத் தோளில் துறை முத்திரையிட்ட ஒரு துணியை ஒட்டி அனுப்பினார்கள். ஒருநாள் காலை டீச்சர் வீட்டு அலமாரியின் மேல்தட்டிலிருந்து டப்பாவை எடுத்தார். எடுத்த பிறகுதான் எந்தக் கையால் எடுத்தோம் என்று பார்த்தார்.

“ஏங்க! இங்க வாங்களேன்!”

கணவர் ஓடி வந்தார். டீச்சர் டப்பாவை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “முன்வழியா மேல்வழியா?” என்றார்.

“யாருக்குத் தெரியும்? டப்பா கைக்கு வந்துடுச்சு.”

திங்கட்கிழமை பள்ளிக்குப் போய்ப் பலகையின் உச்சியில் தேதி எழுதினார். தலைமையாசிரியை வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஸ்டோர் ரூம் சாவியைத் தன் மேஜையிலேயே திரும்ப வைத்துக்கொண்டார்.

அன்று மாலை பயிற்சிக்கூடத்தில் நல்ல செய்தியைச் சொல்ல டீச்சர் வாயெடுத்தார். அதற்குள் பேக்கரிக்கார அம்மாவின் கையைப் பார்த்துவிட்டார். அது இன்னும் நெஞ்சளவில்தான் நின்றது. காய்ச்சலில் போன நாட்கள் அந்தத் தோளை இறுக்கிவிட்டன. தான் இப்போது கையைத் தூக்கிக் காட்டினால் தன் கணக்கு முடியும். ஜோடி கலையும். அந்த அம்மா அமையாத ஜோடிக்காக வீட்டில் உட்கார்ந்திருப்பார். கூப்பிட்ட மகளும் அப்போதே போய்விட்டாள்.

“எப்படி டீச்சர் இருக்கு? தூக்குங்க பார்ப்போம்” என்றாள் பயிற்சிப் பெண்.

டீச்சர் தூக்கினார். நெஞ்சளவு வந்ததும் முகத்தைச் சுளித்தார். “இவ்வளவுதாம்மா வருது.”

பிள்ளைகளைப் பொய் சொன்னதற்காகப் பெஞ்சு மேல் நிறுத்தியவர் அவர். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டார். நாளைக்கும் இதையே சொல்லப் போவதாகவும் அதே மூச்சில் சொல்லி வைத்தார்.

இது துறையை உலுக்கிவிட்டது. மற்ற எல்லா ஜோடிகளிலும் இரண்டு வழிக்காரர்களும் ஒரே மாதிரி தேறியிருக்க, டீச்சரின் தோள் மட்டும் தேறாமல் நின்றது. பேக்கரிக்கார அம்மாவின் தோள் மெதுவாக என்றாலும் ஏறிக்கொண்டிருந்தது. ஒப்பீட்டு மாநாட்டில் டீச்சரை மேடையேற்றினார்கள்.

“தூக்குங்கள்” என்றார் இயக்குநர்.

டீச்சர் நெஞ்சளவு தூக்கி நிறுத்தினார். சபையில் ஒரு திருப்தியான முணுமுணுப்பு எழுந்தது.

முன்வழி டாக்டர் எழுந்தார். “பார்த்தாலே தெரியலையா? இது மேல்வழித் தோள். அடிப்பக்கம் தெரியாம ‘அனுபவத்துல’ வெச்சிருக்காங்க.”

மேல்வழி டாக்டர் மேடையின் பின்படிக்கட்டு வழியாக இறங்கி வந்தார். “காவல் தசையை அறுத்துட்டு ஒழுங்காத் தெக்கலன்னா இப்படித்தான் நிக்கும். இது முன்வழி. அந்த பேக்கரிக்கார அம்மாவோட தோள்தான் என்னோடது.”

“அது என்னோடது!”

“அப்ப உறையைத் திறந்து பார்த்துடலாமே?” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு கடிகாரக்காரர் குரல் கொடுத்தார்.

சபை இயக்குநரைப் பார்த்தது. இயக்குநர் தண்ணீர் குடித்தார். பிளாஸ்டிக் டம்ளர்.

“அன்பர்களே! உறையைத் திறந்தால் யார் தோற்றார் என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் நடுநிலை என்னாவது? ஒப்பீடு என்பது விடை தேடுவதற்காக அல்ல. விடை கிடைத்தால் ஒப்பீடு முடிந்துவிடும். ஒப்பீடு முடிந்தால் ஒப்பீட்டுத் துறை எதற்கு? நோயாளிகள் வருவார்கள், குணமாவார்கள், போய்விடுவார்கள். அவர்களை நம்பி ஒரு துறையை நடத்த முடியுமா? இந்த அம்மையாரின் தோள்தான் நமக்குக் கிடைத்த ஒரே வேறுபாடு. இதைப் பொக்கிஷம்போல் காக்க வேண்டும். ஆகவே இந்த ஜோடியின் பயிற்சி காலவரையின்றித் தொடரும்.”

பலத்த கைதட்டல். இரு டாக்டர்களும்கூடக் கைதட்டினார்கள். டீச்சர் மட்டும் தட்டவில்லை. கையை உயர்த்தினால் சிக்கல். ஆனால் அந்த வளாகத்துக்குள் நுழைந்த நாளிலிருந்து அங்கே பேசப்பட்ட பேச்சில், அவர் முதல்முறையாக எந்தச் சந்தேகமும் இல்லாமல் வரவேற்றது அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான்.

மறுநாள் மாலை பயிற்சிக்கூடம் வெறிச்சென்றிருந்தது. போர்வை வேறு வார்டில் யார் தோளையோ மூடப் போயிருந்தார். கைபேசி அழைக்கவே பயிற்சிப் பெண் தாழ்வாரத்துக்குப் போய்விட்டாள். பேக்கரிக்கார அம்மா கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டார். வலிக்கும்போது அப்படித்தான் செய்வார். அப்போது தன் கை ஏறுகிறதா இறங்குகிறதா என்றுகூட அவருக்குத் தெரியாது.

“இன்னைக்கு உங்க பக்கம் மேல வரட்டும் டீச்சரம்மா. நான் இழுக்கிறேன்” என்றார்.

“சரிக்கா. மெதுவா இழுங்க” என்றார் டீச்சர்.

அந்த அம்மா இழுக்க ஆரம்பிப்பதற்குள் டீச்சர் தன் முனையைக் கீழே தாழ்த்தத் தொடங்கியிருந்தார். சத்தமில்லாமல், அங்குலம் அங்குலமாக, உடம்பை வளைத்துத் தாழ்த்திக்கொண்டே போனார். கப்பி லேசாக முனகியது. அந்த அம்மாவின் புருவம் நெரிந்தது. பிறகு மெல்லத் தளர்ந்தது. இடது கை நெஞ்சைத் தாண்டியது, தோளைத் தாண்டியது, காதுக்குப் பக்கத்தில் வந்தது.

“வருதா டீச்சரம்மா, உங்க கை?”

“வருதுக்கா” என்றார் டீச்சர், தரையில் மண்டியிட்டபடி.